நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாதே, தங்கச்சி! கரண்ட் பில் குறைய அக்காவின் டிப்ஸ்

புது வீட்டுக்குச் சாமான் வாங்கும் நேரம், தீபாவளி மலிவு விற்பனை நேரம், பழைய ஐஸ்பெட்டி திடீரென்று படுத்துவிட்ட நேரம். இந்த மூன்று நேரத்திலும் நாம் அவசரத்தில் இருப்போம், கடைக்காரர் நிதானமாக இருப்பார். விலை என்ன, தவணை எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா என்று கேட்போம். சாமானின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கும் லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

விலையை ஒரு முறைதான் கொடுக்கிறாய், தங்கச்சி. கரண்டுக்கு மாதாமாதம், அந்தச் சாமான் உயிரோடு இருக்கும்வரை கொடுக்கிறாய். அதனால் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு எடுத்தவளாக இருந்தாலும், கிள்ளானில் சொந்தத் தரைவீட்டில் மாமியார், மாமனார், பிள்ளைகள் என்று பெரிய குடும்பம் நடத்துகிறவளாக இருந்தாலும், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போ.

1. லேபிளில் மூன்று விஷயம் பார்

நம் நாட்டில் இந்த லேபிள் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஒட்டுவது இல்லை, சட்டம். சுருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையம் 2013-இல் இதைக் கட்டாயமாக்கியது. முதலில் ஐஸ்பெட்டி, ஏர்கோன், டிவி, காற்றாடி, விளக்கு என்று 5 வகைச் சாமான்களுக்கு வந்தது. பிறகு வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ் எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. 2025 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் என்ற தனிச் சட்டமே நடப்புக்கு வந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டின் 861-ஆவது சட்டம் அது.

லேபிளில் முதலில் நட்சத்திரம் பார். அதிகபட்சம் 5. இரண்டாவது, பிராண்டும் மாடல் எண்ணும். லேபிளில் இருக்கும் மாடல் எண்ணும், பெட்டியின் பின்பக்கத் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் நாம் கவனிக்காமல் விடுவது: வருஷத்துக்கு எத்தனை கிலோவாட் மணி என்ற எண். ஒரு கிலோவாட் மணி என்றால் உன் பில்லில் ஒரு யூனிட். அந்த எண்தான் உன் பணம்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள். ஐஸ்பெட்டி, ஏர்கோன் போன்றவற்றுக்கு 2 நட்சத்திரம்தான் சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி. அதற்குக் கீழே உள்ளது விற்பனைக்கே வரக் கூடாது. ஆகவே "2 ஸ்டார் பரவாயில்லை, நடுத்தரம்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதுதான் கடையில் இருப்பதிலேயே அதிகம் கரண்ட் இழுக்கும் ரகம்.

2. நட்சத்திரம் அந்தந்த அளவுக்குள்தான் போட்டி போடும்

கடையில் இப்படி நடக்கும். இரண்டு ஐஸ்பெட்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று பெரிய இரட்டைக் கதவு, 5 நட்சத்திரம். இன்னொன்று நடுத்தர அளவு, 4 நட்சத்திரம். "பெரியதை எடுங்க அக்கா, அஞ்சு ஸ்டார், கரண்ட் மிச்சம்" என்பார் விற்பனைப் பையன். குனிந்து கீழே உள்ள எண்ணைப் படித்தால், பெரியதில் வருஷத்துக்கு 450 யூனிட், நடுத்தரத்தில் 300 யூனிட் என்று இருக்கும். பையன் பொய் சொல்லவில்லை. அந்தப் பெரிய அளவுக்குள் அது சிக்கனமான பெட்டிதான். ஆனால் உன் வீட்டில் இரண்டே பேர் என்றால் 4 நட்சத்திரம்தான் உன் பில்லுக்கு நல்லது.

அதனால் வரிசையை மாற்றாதே. முதலில் உன் வீட்டுக்கு எந்த அளவு வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய். கடையில் அந்த அளவுக்குள் மட்டும் நட்சத்திரத்தைப் பார். கடைசியில் இரண்டு மூன்று மாடல் மிஞ்சினால் யூனிட் எண்ணை வைத்துத் தேர்ந்தெடு.

நட்சத்திரம் எல்லை தாண்டாது, வருஷமும் தாண்டாது. இந்தியாவில் 2006-இல் தொடங்கிய நட்சத்திர லேபிளின் அளவுகோலை அவர்கள் அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் ஏர்கோன் அளவுகோலை மாற்றியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்த மாடல்கள் 4-க்கு இறங்கின. ஐரோப்பாவிலும் எல்லாச் சாமானும் ஏ-வுக்கு மேல் பிளஸ் பிளஸ் என்று ஏறிப்போனதால், 2021-இல் ஏ முதல் ஜி வரை புதிதாகத் தரம் பிரித்தார்கள். சிங்கப்பூரில் நட்சத்திரமே கிடையாது, 'டிக்' அடையாளம். சென்னையில் இருக்கும் சித்தி வீட்டு 5 நட்சத்திரத்தையும் உன் கடையில் இருக்கும் 5 நட்சத்திரத்தையும் ஒப்பிடாதே. இங்கேயே கூட, கிடங்கில் கிடந்த பழைய மாடலை 5 நட்சத்திரம் என்று தள்ளிவிடப் பார்த்தால், எந்த வருஷத்து மாடல் என்று கேள்.

3. கடைக்குப் போகும் முன் உன் பில்லைப் படி

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் தெனாகா நேஷனலின் வீட்டுக் கட்டண முறை மாறியது. மாதம் 1,500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு யூனிட்டில் மூன்று தொகை அடங்கியிருக்கிறது. மின்சாரத்துக்கு 27.03 காசு, உற்பத்தித் திறனுக்கு 4.55 காசு, கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 காசு. கூட்டினால் 44.43 காசு.

இதிலிருந்து ஒரு கழிவு கிடைக்கும். மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கான சிக்கனச் சலுகை அது. பயன்பாடு குறையக் குறையக் கழிவு கூடும். 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. 551 முதல் 600 வரை 9 காசு. 601 முதல் 650 வரை 7.5 காசு. முக்கியமாக, இந்தக் கழிவு கடைசிச் சில யூனிட்டுக்கு மட்டும் வருவதில்லை. எந்தப் படியில் நிற்கிறாயோ, அந்தப் படியின் கழிவு அந்த மாதத்து மொத்த யூனிட்டுக்கும் விழும்.

600 யூனிட் என்ற கோட்டை மனத்தில் வைத்துக்கொள். அதற்குள் இருந்தால் மாதம் 10 வெள்ளி சில்லறைச் சேவைக் கட்டணம் இல்லை. தாண்டினால் அந்த 10 வெள்ளி வரும். 8 விழுக்காடு சேவை வரி வரும். எரிபொருள் விலையை ஒட்டி மாதாமாதம் மாறும் சரிக்கட்டுத் தொகையும் கணக்கில் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். மாதம் 590 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கழிவு போக ஏறக்குறைய 209 வெள்ளி. அதே வீடு 640 யூனிட் ஓடினால் 10 வெள்ளிக் கட்டணத்தோடு ஏறக்குறைய 246 வெள்ளி. வரியும் சரிக்கட்டுத் தொகையும் நான் இதில் சேர்க்கவில்லை. வித்தியாசம் 50 யூனிட், பணம் 37 வெள்ளி. அதாவது அந்த 50 யூனிட்டுக்கு மட்டும் யூனிட்டுக்கு 75 காசு போலக் கொடுக்கிறாய்.

உன் கடைசி மூன்று நான்கு மாதப் பில்லை எடுத்து வை. 600-ஐ ஒட்டி மேலேயோ கீழேயோ நிற்கிறாய் என்றால், ஒவ்வொரு நட்சத்திரமும் உனக்குக் காசு. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடென்றால் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாடே தெரியும். எந்த நாளில் ஏறுகிறது, யார் வீட்டில் இருந்த நாள், எந்தச் சாமான் ஓடிய நாள் என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

4. காற்றாடியை அலட்சியம் செய்யாதே

ஏர்கோனைப் பார்த்துப் பயப்படுகிறோம், காற்றாடியை யாரும் கண்டுகொள்வதில்லை. நம் ஊர் வெக்கையில் கூடத்துக் காற்றாடி காலையில் சுற்ற ஆரம்பித்தால் இரவு வரை நிற்பதே இல்லை.

சாதாரணக் கூரைக் காற்றாடி 70 வாட் போல இழுக்கும். டிசி மோட்டார் வைத்த காற்றாடி அதே காற்றை 30 வாட் போலக் கொடுக்கும். வித்தியாசம் 40 வாட்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 30 நாள் என்று பெருக்கினால் ஒரு காற்றாடிக்கு மாதம் 14 யூனிட்டுக்கு மேல். கூடம், இரண்டு அறை என்று மூன்று காற்றாடி இருந்தால் 43 யூனிட். மேலே சொன்ன 50 யூனிட் கணக்கில் பெரும்பகுதி இங்கேயே வந்துவிட்டது.

ஆனால் மூன்றையும் ஒரே நாளில் கழற்றிப் போடாதே. அதிக நேரம் ஓடுவது எதுவோ அதை முதலில் மாற்று. விருந்தாளி அறைக் காற்றாடி மாதத்தில் இரண்டு நாள் சுற்றும், அது இருக்கட்டும். வாங்கும்போது லேபிளோடு, முழு வேகத்தில் எத்தனை வாட் என்பதையும் பார். டிசி காற்றாடிக்கு ரிமோட்டும் மின்னணுப் பலகையும் இருக்கும். பலகை போனால் உதிரி கிடைக்குமா, மோட்டாருக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், பலகைக்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேள்.

5. ஐஸ்பெட்டி: புதியது வந்தால் பழையது வெளியே போகட்டும்

ஐஸ்பெட்டி மட்டும்தான் வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் ஓடும் சாமான். ஆகவே நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதில்தான் நிச்சயமாகத் திரும்பி வரும். ஒரே அளவில் 3 நட்சத்திரத்துக்கும் 5 நட்சத்திரத்துக்கும் விலையில் 300 வெள்ளி வித்தியாசம், லேபிள் எண்ணில் வருஷம் 150 யூனிட் வித்தியாசம் என்று வைத்துக்கொள். யூனிட்டுக்கு 45 காசு என்று பிடித்தாலும் வருஷத்துக்கு 67 வெள்ளி மிச்சம். நான்கரை வருஷத்தில் கூடுதல் விலை வந்துவிடும். ஐஸ்பெட்டி அதற்கு மேலும் பல வருஷம் ஓடும்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். புதுப் பெட்டி வந்ததும் பழையது பின்கட்டுக்குப் போகும். "நல்லாத்தானே ஓடுது, கிடக்கட்டும்" என்பார்கள் பெரியவர்கள். புரட்டாசியில் சைவத்துக்குத் தனியாக, தீபாவளிக்கு இறைச்சியும் மாவும் வைக்க என்று காரணமும் இருக்கும். விரதத்துக்குத் தனிப் பெட்டி வைப்பது அவர்களின் நம்பிக்கை, அதைக் கேலி பேசக் கூடாது. ஆனால் பழைய பெரிய பெட்டி ஒன்று மாதம் 50 யூனிட்டைத் தின்னக்கூடும். அப்படியானால் 5 நட்சத்திரம் வாங்கியும் பில் கூடித்தான் போகும்.

மாமியாரிடம், "அத்தை, புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் போட்டுக்கலாம், மத்த மாசம் துடைச்சு, கதவைத் திறந்து வச்சு, சுவிட்சை அணைச்சு வச்சுடலாமா?" என்று கேட்டுப் பார். பில்லைக் காட்டிக் கேள். எடுத்து எறியச் சொன்னால்தான் மனசு வருந்தும். அணைத்து வைக்கச் சொன்னால் சம்மதிப்பார்கள்.

இருக்கும் பெட்டியையும் கவனி. ஒரு வெள்ளி நோட்டைக் கதவின் ரப்பருக்கு நடுவில் வைத்து மூடு. மெல்ல இழு. பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம், கீல் இருக்கும் ஓரம் என்று நான்கு பக்கமும் பார். ரப்பரை மட்டும் மாற்றலாம், பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. பின்பக்கமும் இரண்டு ஓரமும் சுவரை ஒட்டி நிறுத்தாதே, சூடு வெளியேற இடம் வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். அரைத்த மாவையும் சாம்பாரையும் சூடு ஆறிய பிறகு உள்ளே வை.

6. ஏர்கோன்: அறைக்கு ஏற்ற குதிரைத்திறன்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குப் பொதுவாக ஒரு எச்பி போதும், அதாவது 9,000 பிடியு அளவு. பெரிய படுக்கையறைக்கு ஒன்றரை எச்பி, அதாவது 12,000 பிடியு. மாலை வெயில் நேராக விழும் மேற்குப் பக்க அறை, கூரைக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறை என்றால் ஒரு படி கூட்டிக்கொள். கிள்ளானில் பல தரைவீடுகளின் மாடி அறை இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறைக்குச் சின்ன ஏர்கோன் போட்டால் அது ஓயாமல் ஓடும், குளிரும் வராது. சின்ன அறைக்குப் பெரியது போட்டால் பணமும் வீண், கரண்டும் வீண்.

"இன்வெர்ட்டர்" என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்தே திருப்தி அடையாதே. இன்வெர்ட்டர் மாடலிலும் நட்சத்திரம் ஏறி இறங்கும். லேபிளைப் பார். இப்போது ஏர்கோனுக்கு சிஎஸ்பிஎஃப் என்ற அளவு இருக்கும். முழு வேகம், பாதி வேகம் இரண்டிலும் எவ்வளவு சிக்கனமாகக் குளிரூட்டுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் எண் அது. எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

லேபிளில் இருக்கும் வருஷ யூனிட், குறிப்பிட்ட நேரம் ஓடினால் என்று சோதனைக்கூடத்தில் கண்டது. நீ இரவு முழுக்க ஓட்டினால் உன் கணக்கு வேறு. ஆகவே ஏர்கோனில் அந்த எண்ணை இரண்டு மாடலை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள். இன்வெர்ட்டரின் பலன் தொடர்ந்து பல மணி நேரம் ஓடும் அறையில்தான் தெரியும். எப்போதாவது அரை மணி நேரம் போடும் அறைக்கு அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு 24, 25 டிகிரியில் வைத்து, கூடவே காற்றாடியை மெதுவாக ஓடவிடு. அரசாங்க அலுவலகங்களுக்கே 24 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று 2011-இல் உத்தரவு போட்டார்கள். 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது தவறான எண்ணம். அது குளிரும் வேகத்தில் பெரிதாக மாற்றம் இருக்காது, அந்த 16-ஐத் தொட முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டு. சாம்பிராணிப் புகை, சமையல் எண்ணெய்ப் புகை படியும் வீட்டில் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த வடிகட்டியோடு ஓடும் 5 நட்சத்திரத்தால் பலன் இல்லை.

7. ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், டிவி, விளக்கு

ரைஸ் குக்கர் சோறு வேகும்போது இழுப்பதைவிட, வெந்த பிறகு சூடாக வைத்திருக்கும்போது ஓசையில்லாமல் இழுப்பதுதான் நம் கண்ணில் படுவதில்லை. 40 வாட் என்று வைத்து, காலையில் வடித்த சோற்றை மாலை வரை 8 மணி நேரம் சூட்டில் விட்டால், மாதம் கிட்டத்தட்ட 10 யூனிட். மூன்று காற்றாடியின் 43 யூனிட்டோடு இதைச் சேர். மேலே கணக்குப் போட்ட 50 யூனிட்டும் வந்துவிட்டது, ஒரு வசதியும் குறையவில்லை. சோறு வெந்ததும் சுவிட்சை அணை. சாப்பிடும் நேரத்துக்கு மைக்ரோவேவில் சூடாக்கிக்கொள். வேலைக்குப் போகிறவள் என்றால், வீட்டுக்கு வரும் நேரத்தில் வேகும்படி நேரம் வைக்கும் வசதி உள்ள குக்கர் பார்.

வாஷிங் மெஷினில் நட்சத்திரத்தைவிடத் தண்ணீரின் சூடு முக்கியம். முன்கதவு மெஷின் சில சுற்றில் தானாகவே தண்ணீரைச் சூடாக்கும், அதுதான் பெரிய செலவு. அன்றாடத் துணிக்குப் பச்சைத் தண்ணீர்ச் சுற்றைத் தேர்ந்தெடு. துணி சேர்ந்த பிறகு போடு.

டிவி வாங்கும்போது திரை பெரிதாகப் பெரிதாக யூனிட் கூடும் என்பதை மறக்காதே. இங்கேயும் நட்சத்திரம் ஒரே அளவுத் திரைகளை ஒப்பிடத்தான். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் குறை, கண்ணுக்கும் நல்லது.

விளக்கில் வாட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கணிக்காதே. லூமன் என்ற எண் வெளிச்சம், வாட் என்ற எண் செலவு. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். சாமி அறையில் விடிய விடிய எரியும் சின்ன விளக்கையும் எல்இடியாக மாற்று.

8. கடையில் நின்று கேட்க வேண்டியவை

எரிசக்தி லேபிள் வேறு, சிரிம் முத்திரை வேறு. முதலாவது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று சொல்வது. இரண்டாவது பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று சொல்வது. இரண்டும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாத சாமானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே, வயர் சூடேறி வீடு பற்றிக்கொள்ளும் ஆபத்தோடு விளையாடக் கூடாது.

காட்சிக்கு வைத்த பெட்டியில் லேபிள் இல்லையென்றால், "லேபிள் எங்கே அண்ணே?" என்று மரியாதையாகக் கேள். கழன்று விழுந்துவிட்டது என்றால் அதே மாடலின் லேபிளைக் காட்டச் சொல். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு எரிசக்தி ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவான மாடல்களின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

ரசீதில் மாடல் எண்ணை முழுதாக எழுதச் சொல். "ஐஸ்பெட்டி ஒன்று" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வேறு மாடல் வீட்டுக்கு வந்தாலும் உன்னால் பேச முடியாது. லாரியில் வந்து இறக்கும்போது, கையெழுத்துப் போடும் முன் பின்பக்கத் தகட்டையும் ரசீதையும் ஒப்பிடு.

இணையத்தில் வாங்கினால் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கு. வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மலிவுச் சாமானில் நம் நாட்டு லேபிளும் இருக்காது, மூன்று முள் பிளக்கும் இருக்காது.

இன்னொன்று: பிளக்கில் மாட்டினால் பில் பாதியாகும் என்று பசார் மாலாமிலும் இணையத்திலும் ஒரு சின்னப் பெட்டி விற்பார்கள். வாங்காதே. வீட்டு மீட்டர் கணக்கிடுவது நீ பயன்படுத்திய யூனிட்டை. அந்தப் பெட்டியால் அதைக் குறைக்க முடியாது.

9. கிடைக்கும் சலுகையையும் உரிமையையும் விடாதே

அரசாங்கம் அவ்வப்போது 'சேவ்' என்ற திட்டத்தில் கழிவு கொடுக்கிறது. 2021-இல் வந்த சேவ் 2.0 திட்டத்தில், 4 அல்லது 5 நட்சத்திர ஏர்கோன் அல்லது ஐஸ்பெட்டி வாங்கிய வீடுகளுக்கு 200 வெள்ளி கிடைத்தது. அதன் பிறகும் கட்டம் கட்டமாகத் தொடர்ந்தது. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் மூடிவிடுவார்கள். பெரிய சாமான் வாங்கும் முன், இப்போது திட்டம் திறந்திருக்கிறதா, அந்தக் கடை அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேள். தெனாகா கணக்கு எண்ணைக் கைப்பேசியில் வைத்திரு.

சொன்ன மாடலைத் தரவில்லை, உத்தரவாதத்தை மதிக்கவில்லை என்றால் சண்டை போட்டு மனம் நோக வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, லேபிளின் படம், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரமாக வைத்திரு.

10. வாடகை வீட்டில் இருப்பவளுக்கு

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் அடுக்குமாடியில் வாடகைக்குப் போகும் தங்கச்சிகள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உள்ளே இருக்கும் ஏர்கோனையும் ஐஸ்பெட்டியையும் பாருங்கள். வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பழைய சாமானுக்கு மாதாமாதம் கரண்ட் கட்டுவது நீங்கள்தான். முந்தைய குடித்தனத்தின் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஏர்கோன் ரொம்பப் பழையது என்றால், வாடகையைக் குறைக்கவோ, மாற்றிக் கொடுக்கவோ வீட்டுக்காரரிடம் பேசலாம். அதற்குச் சரியான நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

நீ சொந்தமாக வாங்குவதென்றால் எடுத்துக்கொண்டு போகக்கூடியதில் பணத்தைப் போடு. ஐஸ்பெட்டியும் நிற்கும் காற்றாடியும் உன்னோடு அடுத்த வீட்டுக்கு வரும். சுவரில் பொருத்திய ஏர்கோனைக் கழற்றி மாட்ட மறுபடியும் செலவு.

11. எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற யாரிடமும் பணம் இருக்காது. என் வரிசை இது. முதலில் செலவே இல்லாதவை: பின்கட்டு ஐஸ்பெட்டியை அணை, ரைஸ் குக்கர் சூட்டை அணை, ஏர்கோன் வடிகட்டியைக் கழுவு, 24 டிகிரியில் வை. அடுத்து சின்னச் செலவு: அதிக நேரம் எரியும் விளக்கு, தளர்ந்த ஐஸ்பெட்டி ரப்பர். பிறகு அதிக நேரம் சுற்றும் காற்றாடி. அதன் பிறகு இரவெல்லாம் ஓடும் படுக்கையறை ஏர்கோன். கடைசியாக ஐஸ்பெட்டி, அதுவும் பழசாகி ரிப்பேர் கேட்கும்போது. நல்ல நிலையில் இருக்கும் 3 நட்சத்திரப் பெட்டியை 5 நட்சத்திர ஆசைக்காகத் தூக்கிப் போடாதே, அந்த மிச்சம் புது விலைக்கு ஈடாகாது.

பழைய சாமானைச் சாலையோரத்திலோ குப்பைத் தொட்டிப் பக்கத்திலோ போட்டுவிட்டு வராதே. ஐஸ்பெட்டிக்குள்ளும் ஏர்கோனுக்குள்ளும் வாயு இருக்கிறது, கண்டபடி உடைத்தால் கேடு. புதியதைக் கொண்டுவரும் கடையே எடுத்துக்கொள்ளுமா என்று விலை பேசும்போதே கேட்டுவிடு.

இந்த வார இறுதியில் இரண்டு வேலை மட்டும் செய், தங்கச்சி. கடைசிப் பில்லை எடுத்து எத்தனை யூனிட் என்று வட்டம் போடு. பிறகு வீட்டைச் சுற்றி வந்து, எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுது. அந்தத் தாளோடு கடைக்குப் போனால் என்ன வாங்க வேண்டும் என்று உனக்கே தெரியும். விற்பனைப் பையன் சொல்லும் விலையும் சலுகையும் அதன் பிறகுதான்.